ஈவியின் அறை

அன்பு மகளுக்கு,

நீ விட்டுச்சென்ற ‘வி ஃபார் வெண்டெட்டா’ சித்திரக்கதையை, ஆலன் மூர் எழுதி டேவிட் லாய்ட் வரைந்ததை, இந்த வாரம் இரண்டு முறை படித்தேன். அதில் முகமூடி போட்டுப் பழிவாங்கும் வி-யைப் பற்றிப் போனில் அன்றைக்கு, “அவன் பைத்தியம் இல்லப்பா, அவன் செஞ்சதுதான் நியாயம்” என்றாய். படிக்காமல் என்ன பேசுவது என்று சும்மா இருந்துவிட்டேன். இப்போது பேசலாம்.

வி-யின் கோபம் நியாயமானது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அணுஆயுதப் போருக்குப் பின் பிரிட்டனைப் பிடித்த நார்ஸ்ஃபயர் கட்சி, கறுப்பின மக்களையும் ஆசியர்களையும் ஓரினக் காதலர்களையும் முகாம்களில் அடைத்துக் கொன்றது. லார்க்ஹில் என்ற முகாமில் கைதிகளுக்கு ஊசி போட்டுச் சோதனை செய்தார்கள். ரோமன் எண்ணில் ஐந்து என்று குறித்த அறையில் இருந்தவன் தப்பி வந்தான். அந்த எண்ணே அவனுக்குப் பெயராகிவிட்டது. அவன் எந்த நீதிமன்றத்தில் போய் முறையிடுவான்? லண்டனின் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தின் உச்சியில் நிற்கும் நீதிதேவதையோடு ஏமாந்த காதலன்போலப் பேசிவிட்டு அதைத் தகர்க்கிறானே, அந்தப் பக்கங்களில் நானும் அவன் கட்சிதான்.

டாக்டர் டெலியா சரிட்ஜின் படுக்கையறையில்தான் முதலில் தடுக்கியது. அந்த ஊசிகளைப் போட்டவள் அவள். வருடக்கணக்காக அந்தக் குற்றத்தோடு வாழ்ந்து, அவன் வருவான் என்று காத்திருந்தவள். தூங்கும்போதே விஷ ஊசி போட்டுவிடுகிறான், வலி இல்லாமல். அவள் மனம் வருந்தியவள் என்று அவனுக்குத் தெரிகிறது, இரக்கமும் வருகிறது. ஆனாலும் கொல்கிறான். முகாமை நடத்திய ப்ரோதரோவை விட எனக்கு இவள்தான் மனதில் நிற்கிறாள். ப்ரோதரோவுக்காவது வி பழைய முகாமைப்போலவே ஒன்றை அமைத்து, அவன் உயிராக வைத்திருந்த பொம்மைகளை எரித்து, புத்தி பேதலிக்க வைத்துவிட்டுப் போகிறான். இரக்கம் வந்த பிறகும் ஒருவனால் தன் பட்டியலை நிறுத்த முடியவில்லை என்றால், பட்டியல்தான் அவனை நடத்துகிறது என்று தோன்றியது. டேவிட் லாய்ட் வரைந்த அந்த முகமூடி எல்லா இடத்திலும் ஒரே சிரிப்பைச் சிரிப்பது அப்போதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

சின்ன வயதில் கண்ணகி கதை சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா? முதியோரையும் குழந்தைகளையும் விட்டுவிட்டுத் தீயவர்கள் பக்கம் போ என்று தீயிடம் அவள் சொன்னதைச் சொல்லும்போது, “தீக்கு ஆள் பார்க்கத் தெரியுமாப்பா?” என்று கேட்டாய். அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை.

சரி, ஈவிக்கு வருகிறேன். பதினாறு வயதுப் பெண். வி-யால் உயிர் பிழைத்தவள், அவனை நம்பியவள். அவளை அவனே பிடித்து, மொட்டையடித்து, சிறையில் போட்டு விசாரிக்கிறான், அரசாங்கம் செய்வதாக அவள் நம்பும்படி. பக்கத்து அறைக் கைதி வேலரி கழிவறைக் காகிதத்தில் எழுதிய கடிதம் சுவர் ஓட்டை வழியாக அவளுக்குக் கிடைக்கிறது. அந்தக் கடிதம் உண்மை. லார்க்ஹில்லில் வி-க்கு அப்படியேதான் கிடைத்தது. வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட மாட்டேன், சாகிறேன் என்று ஈவி உறுதியாகச் சொன்ன பிறகு கதவு திறக்கிறது. வெளியே அவன் வீடு. ஏன் செய்தாய் என்று கதறுகிறாள். உன்னை நேசிப்பதால், உன்னை விடுவிக்க, என்கிறான்.

இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அது எனக்குத் தெரிந்த குரல். ‘உன் நல்லதுக்குத்தான்.’ நீ படிப்பைப் பாதியில் மாற்றிக்கொண்டபோது நாற்பது நாள் உன்னோடு பேசாமல் இருந்தேனே, அப்போது உன் அம்மாவிடம் இதையேதான் சொன்னேன். நீ அந்த நாற்பது நாளையும் தாண்டி உறுதியாக நின்றாய். அந்த உறுதியை நான்தான் கொடுத்தேன் என்று பல வருடம் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். ஈவியும் பின்னால் அவனுக்கு நன்றி சொல்கிறாள். அதனால் அவன் செய்தது சரியாகிவிடாது. நான் செய்ததும் ஆகாது. மன்னித்துவிடு அம்மா.

அவன் சரியா, பைத்தியமா என்பதை ஆலன் மூர் வாசகரிடமே விட்டுவிட்டார். என் பதில் இதுதான்: லார்க்ஹில்லைத் தகர்த்தவரை அவன் நியாயம், ஈவிக்காக இன்னொரு லார்க்ஹில்லைக் கட்டியபோது பைத்தியம். அதை அவனே ஓரளவு அறிந்திருந்தான் என்றும் நினைக்கிறேன். அழிக்கிறவர்களுக்குப் புதிய உலகில் இடமில்லை என்று ஈவியிடம் சொல்கிறவன் அவன்தானே.

உன் அலுவலகத்தில் உனக்கு நடந்தது அநியாயம். நீ செய்த வேலையை இன்னொருவர் பெயரில் போட்டுக்கொண்டு, புகாரையும் கிடப்பில் போட்டார்கள். நீ மேலே எழுது, விடாதே. ஆனால் “அந்த ஆளை ஒழிக்காம விடமாட்டேன்” என்றபோது உன் குரல் எனக்கு வேறு யாருடையதோ மாதிரி கேட்டது. அதிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை.

ஈவி நேசித்த கார்டனைக் கொன்றவனுக்காக வளர்த்த ரோஜாவை வி ஈவியிடம் காட்டுவான். அவள் பறித்தால் போதும், அந்த ஆளைக் கொல்வதை வி பார்த்துக்கொள்வான். வளரட்டும் என்று விட்டுவிடுகிறாள். அந்தப் பக்கத்தின் ஓரத்தில் உன் பென்சில் கோடு ஒன்று இருக்கிறது. ஏன் போட்டாய் என்று எழுது.

அன்புடன்,
அப்பா