வெளியே நிற்பவற்றுக்கு மட்டும் சாயம்

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. கோபித்துக்கொள்ளாதே. அம்மாவுக்குக் கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்தது. இப்போது தொலைக்காட்சியில் ஓடும் எழுத்தையெல்லாம் சத்தமாகப் படித்துக் காட்டுகிறார். எங்கள் புளோக்கில் மின்தூக்கியை மாற்றுகிறார்கள், அதனால் எல்லோருக்கும் முழங்கால் வலி. மற்றபடி வீட்டுச் செய்தி ஒன்றுமில்லை.

"புரதத்துக்குச் சாயம் ஏற்றுவது அவ்வளவு பெரிய வேலையா, நாம் பட்டப்படிப்பிலேயே செய்ததுதானே" என்று கேட்டிருந்தாய். அன்று நாம் சாயம் ஏற்றியது செத்த செல்லுக்கு. அது எதையும் தாங்கும்; சவ்வில் ஓட்டை போட்டு எதை வேண்டுமானாலும் உள்ளே அனுப்பலாம். உயிரோடு இருக்கும் செல்லில் ஆயிரக்கணக்கான வகைப் புரதங்கள், எல்லாம் அதே இருபது அமினோ அமிலங்களால் ஆனவை. அவற்றில் ஒன்றான லைசினோடு சேரும் சாயத்தை ஊற்றினால் கண்ணில் பட்ட லைசினையெல்லாம் பிடித்துக்கொள்ளும். அதனால் வேண்டியதைத் தொடுவதைவிட வேண்டாததைத் தொடாமல் இருப்பதுதான் கஷ்டம். அதற்குள் செல் செத்துவிடவும் கூடாது.

ஜெல்லிமீனின் பச்சையாய் ஒளிரும் புரதம், அதுதான் ஜிஎஃப்பி, உனக்குத் தெரியும். 2008இல் ஷிமோமுரா, சால்ஃபி, சியென் மூவருக்கும் அதற்காக நோபல் கிடைத்தது. மரபணுவிலேயே சேர்த்துவிடலாம், சாயமே வேண்டாம். ஆனால் அது 238 அமினோ அமிலங்கள் கொண்டது. சின்னப் புரதத்தோடு அதைச் சேர்த்தால் என்ன ஆகும்? தைப்பூசத்தில் டேங்க் ரோட்டுக் கோயிலுக்குக் காவடி எடுத்து வருபவரின் நடையைப் பார்த்து, அவர் தினமும் இப்படித்தான் நடப்பார் என்று சொல்ல முடியுமா? அந்தக் கவலைதான்.

சியெனுக்கே அந்தக் கவலை இருந்திருக்க வேண்டும். 1998இல் அவர் குழு சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் நான்கு கொண்ட மிகச் சிறிய தொடரைப் புரதத்தில் வைத்து, ஆர்சனிக் உள்ள ஒரு சாயத்தை அதில் பூட்டியது. பூட்டிய பிறகுதான் அது ஒளிரும். கெட்டிக்கார யோசனை. ஆனால் தேவையில்லாத இடத்தில் ஒட்டியதைக் கழுவ எத்தேன்டைதயால் என்ற கந்தகச் சேர்மம் வேண்டும். அந்த நாற்றத்தை நீ முகர்ந்ததில்லை, புண்ணியவதி. மேலும், செல்லுக்கு வெளியே சிஸ்டீன்கள் ஒன்றோடொன்று பிணைந்து போய்விடும், சாயம் பிடிக்காது. எனக்கோ வெளியே இருப்பதுதான் வேண்டும்.

நான் பார்ப்பது செல்லின் மேற்பரப்பில் இருக்கும் ஒரு ஏற்பிப் புரதத்தை, வெளியிலிருந்து வரும் சைகையைப் பிடிப்பது அதன் வேலை. செல்லை வளரச் சொல்லும் வளர்ச்சிக் காரணி வந்து ஒட்டினால் அது செல்லுக்குள் போய்விடும். எவ்வளவு வேகமாகப் போகிறது, பிறகு திரும்புகிறதா என்பதுதான் கேள்வி. ஜிஎஃப்பி போட்டால் உள்ளே உருவாகிக்கொண்டிருப்பதும் வெளியே வந்து நிற்பதும் சேர்ந்து ஒளிரும், ஒன்றும் புரியாது. இங்கேதான் ஸ்நாப் டேக் கைகொடுக்கிறது; டேக் என்றால் நம் புரதத்தோடு சேர்த்து வைக்கும் அடையாளத் துண்டு. டிஎன்ஏவின் நான்கு எழுத்துகளில் ஒன்றான குவானினோடு ஒட்டிய வேண்டாத கரிமக் குழுவைப் பிடுங்கித் தன் சிஸ்டீனில் மாட்டிக்கொள்ளும் மனிதப் புரதம் ஒன்று இருக்கிறது. ஸ்நாப் டேக் அதிலிருந்து வந்ததுதான். ஒரு முறை மாட்டிக்கொண்டால் அதன் வேலை முடிந்தது. வேதியியலாளர் காய் ஜான்சனின் குழு 2003இல் அதற்குப் பென்சைல்குவானினை, அதாவது பென்சைல் என்ற குழு ஒட்டிய குவானினைக் கொடுத்தது, பென்சைலில் சாயத்தைக் கோத்து. சாயம் நிரந்தரமாகப் பிணைந்துவிடும். இதுவும் சின்னதல்ல, எடை ஏறக்குறைய 20 கிலோடால்டன். ஆனாலும் எந்தச் சாயம், எப்போது என்பது நம் கையில். மின்னேற்றம் உள்ள சாயம் சவ்வைத் தாண்டாது, எனவே வெளியே நிற்பவை மட்டும் நிறம் பெறும். குளிரில் வைத்துச் சாயமேற்றி, 37 டிகிரிக்குக் கொண்டுவந்தால் புள்ளிகள் உள்ளே நகர்வதைப் பார்க்கலாம். சில மணி நேரம் கழித்து வேறு நிறத்தை ஊற்றினால் புதிதாக வந்தவை மட்டும் தெரியும். எனக்கு இதைவிட அழகான சோதனை கிடையாது.

இன்னும் சிறியது வேண்டுமென்றால், வேதியியலாளர் ஆலிஸ் டிங்கின் குழு பயன்படுத்திய 15 அமினோ அமிலத் தொடர் இருக்கிறது. பாக்டீரிய நொதி ஒன்று அதில் பயோட்டின் என்ற சிறு வைட்டமினைச் சேர்க்கும். சரி, பயோட்டினைப் பிடிக்கச் சாயம் கோத்த ஸ்ட்ரெப்டவிடின் என்ற புரதம் வேண்டுமே, அது ஜிஎஃப்பியைவிடப் பெரியது! நான்கு கைகளும் உண்டு, ஏற்பிகளைக் கும்பலாக இழுத்துவிடும். பிறகு ஒற்றைக் கை மட்டும் வேலை செய்வதையும் உருவாக்கினார்கள்.

வேதியியலாளர் பெர்ட்டோசியின் தாமிரம் இல்லாத கிளிக் வேதியியலைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்; கிளிக் என்றால் இரண்டு மூலக்கூறுகளைச் சட்டென்று கோர்த்துவிடும் வினை, முன்பு அதற்குத் தாமிரம் வேண்டும். தாமிரம் செல்லுக்கு நஞ்சு. வளையத்தை வளைத்து இறுக்கி, அந்த இறுக்கத்தாலேயே வினையை நடத்தினார். 2022 நோபலை அவரோடு மெல்டாலும் ஷார்ப்லெஸும் பகிர்ந்துகொண்டார்கள்.

நம் ஊரிலும் இது பழைய கதைதான். பயோபொலிஸ் ஆய்வு வளாகம் திறந்த அதே 2003இல், சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் யாவ் ஷாவ் சின் குழு புரதத்தின் முனையில் சிஸ்டீன் வரும்படி செய்து, தயோஎஸ்டர் என்ற வேதிக் குழு உள்ள சாயத்தை உயிருள்ள செல்களில் அதனோடு சேரவைத்தது.

கருத்தரங்குகளில் எல்லோரும் படத்தைக் காட்டிக் கைதட்டு வாங்குகிறார்கள். டேக் இல்லாத புரதமும் இப்படியே நடந்துகொள்கிறதா என்று நான் கேட்டால் முகம் சுளிக்கிறார்கள். கேட்கத்தான் செய்வேன்.

டிசம்பரில் வருகிறாய் அல்லவா? தேதியை முன்பே சொல், மைக்ராஸ்கோப்புக்கு அடிபிடி, ஒரு மணி நேரம் பதிவு செய்து வைக்கிறேன். புவன விஸ்தா எம்ஆர்டியில் இறங்கினால் நடந்தே வரலாம். அப்புறம் தேக்காவில் சாப்பிடலாம், செலவு உன்னுடையது.

அன்புடன்,
கமலா