விடியக்காலம் 3 மணி

மதுரை

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வந்து இருபது நாளாகிறது. பேத்திக்குக் காது குத்தியாச்சா? மாமன் மடியில் உட்கார்ந்து ஊரையே கூட்டியிருப்பாளே!

நான் பதில் போடாதது சோம்பலால் இல்லை. அண்ணன் காரியம் முடிந்ததிலிருந்து விடியக்காலம் 3 மணிக்கு முழிப்புத் தட்டுகிறது. நெஞ்சு படபடக்கும், விரல் நுனி மரத்துப்போகும், இப்பவே போய்ச் சேர்ந்துவிடுவோம் என்று தோன்றும். முதல் தடவை மகன் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். ஈசிஜி சுத்தம். பயத்தில் வேகவேகமாக மூச்சு வாங்கினால் ரத்தத்தில் கரியமிலவாயு குறைந்துபோகும், விரல் மரப்பது அதனால்தான் என்றார் டாக்டரம்மா. பத்து நிமிஷத்துக்குள் உச்சிக்கு ஏறித் தானாக இறங்குமாம். மூச்சை நிதானமாக, நீளமாக வெளியே விடச் சொன்னார். நெஞ்சில் தடவிய பசையைத் துடைத்துக்கொண்டே கேட்டேன். வெட்கமாக இருந்தது.

சொக்கப்ப நாயக்கன் தெரு ரமண மந்திரம் ஞாபகம் இருக்கா? அதைத் தாண்டி எத்தனை தடவை சைக்கிள் மிதித்திருப்போம், உள்ளே எட்டிப் பார்த்ததில்லை. போன வாரம் போய் உட்கார்ந்தேன். 1896 ஜூலையில், நோய்நொடி எதுவுமில்லாத 16 வயசுப் பையன் வெங்கடராமனை (பிற்பாடு ரமண மகரிஷி ஆனது இவன்தான்) அந்த வீட்டு மாடியில்தான் சாவு பயம் பிடித்தது. யாரையும் கூப்பிடவில்லை. பிணம் மாதிரி கைகாலை விறைப்பாக நீட்டிப் படுத்து, மூச்சை அடக்கி, சாகிறது எது என்று பார்த்தான். செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலையில் இருந்தான். நமக்கு அவ்வளவு திராணி ஏது? ஆனால் பயத்தைக் கண்டு ஓடாமல் படுத்துப் பார்த்தானே, அது மனசில் ஒட்டிக்கொண்டது.

அன்றைக்கு ராத்திரி நானும் லைட்டைப் போடாமல் படுத்திருந்தேன். பயம் வடிந்த பிறகு அடியில் கிடந்தது சாவு இல்லையடா, அண்ணன்! கிணற்றுப் பங்குத் தகராறில் 9 வருஷம் பேசாமல் இருந்தேன். கடைசியில் ஐசியூ வாசல்வரை போய், கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டுத் திரும்பிவந்தேன். வீட்டுக்காரியிடம்கூட இதைச் சொன்னதில்லை. தலையணையில் முகத்தைப் புதைத்து அழுதேன். எங்கேயோ பல்லி கத்தியது; அப்படியே தூங்கிப்போனேன்.

முழிப்பு இன்னும் வருகிறது, முன்னைப்போல மிரட்டுவதில்லை. மாத்திரையை நிறுத்தவில்லை, நீ பாட்டுக்குக் கஷாயம் எழுதி அனுப்பாதே.

ஞாயிற்றுக்கிழமை மதினியைப் பார்க்கப் போகலாமென்று இருக்கிறேன். தனியாகப் போகக் கால் எழவில்லை. சனிக்கிழமை வைகையில் ஏறி வந்துவிடேன். உள்ளேகூட வர வேண்டாம், திண்ணைவரைக்கும் வந்தால் போதும்.

உன்,
முருகேசன்