தொட்டுக்கொள்வதற்கும் கணக்கு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உடல் எடையைக் குறைக்க விரும்புவோர் அன்றாட உணவின் கலோரியைக் குறித்து வைப்பது பற்றித் தங்கள் நாளிதழின் நலவாழ்வுப் பகுதியில் அண்மையில் வந்த கட்டுரையைப் படித்தேன். இட்லி, சோறு, சப்பாத்தி, பயறு, மீன் என ஒவ்வொன்றுக்கும் பொறுமையாக அளவு சொன்ன அக்கட்டுரை, சட்னி, பொடி, ஊறுகாய் போன்றவை சிறிதளவே சேர்வதால் அவற்றைக் கணக்கில் கொள்ளத் தேவையில்லை என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. அந்த ஒரு வரியோடு மட்டும் எனக்கு உடன்பாடில்லை. முப்பது ஆண்டுகள் பள்ளியில் கணிதமும் அதைவிட நீண்ட காலம் வீட்டில் சமையலும் செய்தவள் என்ற முறையில் என் மறுப்பை எழுதுகிறேன்.

நடுத்தர அளவில் நான்கு இட்லிகளை எடுத்துக்கொள்வோம். அவற்றில் ஏறத்தாழ 240 கலோரி இருக்கும். (பேச்சில் நாம் கலோரி என்று சொல்வது கிலோகலோரியைத்தான்.) தட்டின் ஓரத்தில் இரண்டு தேக்கரண்டி மிளகாய்ப் பொடியை வைத்து, நடுவில் குழி செய்து நல்லெண்ணெய் விட்டுக் குழைத்தால், அந்த எண்ணெய் பெரும்பாலும் ஒரு மேசைக்கரண்டிக்குக் குறையாது. நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ, எதுவானாலும் கிராமுக்கு 9 கலோரி என்பதால், ஒரு மேசைக்கரண்டியில் சுமார் 120 கலோரி வந்துவிடும். பொடியும் வெறும் மிளகாய் அன்று. உளுந்து, கடலைப்பருப்பு, எள் ஆகியவற்றை வறுத்து அரைத்தது என்பதால் அதற்கு ஒரு 40. பக்கத்தில் மூன்று மேசைக்கரண்டி தேங்காய்ச் சட்னியும் இருந்தால், தேங்காய், பொட்டுக்கடலை, தாளித்த எண்ணெய் எல்லாம் சேர்ந்து மேலும் ஒரு 100. கூட்டினால் 260 ஆகிறது. இட்லியைவிட, இட்லிக்குத் தொட்டுக்கொண்டது அதிகம். காலை உணவு 240 என்று குறிப்பேட்டில் எழுதி வைப்பவர், தாம் உண்டதில் பாதிக்கு மேல் எழுதாமல் விட்டிருக்கிறார்.

‘தொட்டுக்கொள்ள’ என்ற சொல்லே நம்மை ஏமாற்றுகிறதோ என்று எனக்கு ஒரு ஐயம் உண்டு. தொட்டுக்கொள்வது என்றால் விரல் நுனியில் பட்டு வருவது. இன்று நாம் தொட்டுக்கொள்வதில்லை; தோய்த்துக்கொள்கிறோம், உணவகத்தில் சட்னிக் கிண்ணம் காலியாகும்போதெல்லாம் மறுபடியும் கேட்டு வாங்கிக்கொள்கிறோம். அளவு மாறிய பின்னும் சொல் மாறாததால், மனம் இன்னும் விரல் நுனிக் கணக்கையே போட்டுக்கொண்டிருக்கிறது.

அதற்காகக் கறிவேப்பிலைக்கும் கணக்கெழுத வேண்டும் என்று நான் சொல்லவில்லை. என் கணவர் அப்படித்தான் கேலி செய்தார். கடுகு, சீரகம், மிளகு, பெருங்காயம், பச்சை மிளகாய், எலுமிச்சைச் சாறு, கொத்தமல்லித் தழை, வினிகர், சோயா சாஸ் ஆகியவற்றை நாம் சேர்க்கும் அளவில் எழுதிக்கொண்டிருப்பது நேரத்துக்குத்தான் கேடு. தக்காளி கெச்சப்பும் ஒரு மேசைக்கரண்டிக்கு 20 கலோரி அளவில் நின்றுவிடும்; அதில் சர்க்கரை இருக்கிறது என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும். அதே கரண்டி அளவு மயோனைசில் 90 முதல் 100 கலோரி. கரண்டி ஒன்றுதான், வேறுபாடு எண்ணெயில் இருக்கிறது. பச்சை முட்டையில் செய்யும் மயோனைசுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை விதித்தபோது, முட்டையில்லாத வகை வந்துவிட்டது, இனிக் கவலையில்லை என்று பலர் பேசக் கேட்டேன். கிருமியைப் பற்றிய கவலை வேண்டுமானால் தீரலாம். முட்டை போனதே தவிர எண்ணெய் போகவில்லை.

ஆகவே பெயரைப் பார்க்காமல் சேர்மானத்தைப் பார்க்க வேண்டும் என்பதே என் கருத்து. இதற்கு ஊறுகாயைப் போல நல்ல எடுத்துக்காட்டு கிடையாது. உப்பில் ஊறிக் காய்ந்த நார்த்தங்காயில் எண்ணெயே இல்லை. வடுமாங்காய்க்கு மேலாகத் தடவும் சிறிதளவு விளக்கெண்ணெயோடு சரி. ஆவக்காயோ எண்ணெயில் மூழ்கியிருந்தால்தான் கெடாது. தக்காளித் தொக்கை எண்ணெய் பிரிந்து மேலே வரும் வரை கிளற வேண்டும் என்பது எங்கள் அம்மா காலத்திலிருந்து வரும் பக்குவம். நான்கும் ஊறுகாய் என்ற ஒரே பெயரில்தான் அலமாரியில் நிற்கின்றன. முதல் இரண்டையும் கலோரிக் கணக்கில் விட்டுவிடலாம், பின்னிரண்டை விட முடியாது. சுட்ட அப்பளத்துக்கும் பொரித்த அப்பளத்துக்கும், துவையலை வதக்க விட்ட எண்ணெய்க்கும், வறுத்த மோர்மிளகாய்க்கும் இதே கதைதான்.

கலோரி இல்லை என்பதால் நார்த்தங்காயை விருப்பம்போல் உண்ணலாம் என்று யாரும் கொள்ளக் கூடாது. நாளொன்றுக்கு உப்பு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. உப்பு கூடினால் உடல் நீரைப் பிடித்து வைப்பதால், ஊறுகாய் மிகுந்த மறுநாள் காலையில் எடை பார்க்கும் கருவி ஏறிக் காட்டும். அது கொழுப்பு அன்று, ஓரிரு நாளில் இறங்கிவிடும். இது தெரியாமல் முதல் மாதம் இரண்டு முறை மனம் சோர்ந்து குறிப்பேட்டையே மூடி வைத்திருக்கிறேன்.

எங்கள் வீட்டில் இந்தக் கணக்கு பிடிபட்டது கரண்டியால் அன்று, எண்ணெய்ப் பொட்டலத்தால். மூவர் உள்ள எங்கள் குடும்பத்தில் மாதம் நான்கு லிட்டர் எண்ணெய் வாங்கிக்கொண்டிருந்தோம். ஒரு லிட்டர் பொட்டலத்தின் மேல் 910 கிராம் என்று அச்சிட்டிருப்பார்கள். நான்குக்கு 3,640 கிராம். அதை மூவருக்கும் முப்பது நாளுக்கும் வகுத்தால் ஆளுக்கு நாளொன்றுக்கு 40 கிராமைத் தாண்டுகிறது, அதாவது 360 கலோரிக்கு மேல். பண்டிகைக்குப் பொரித்து மிஞ்சிக் கொட்டியதைக் கழித்தாலும் பெரிதாகக் குறையவில்லை. 2,000 கலோரி உணவுக்கு எண்ணெயும் நெய்யும் சேர்த்து 27 கிராம் என்பது ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் காட்டும் அளவு. நான் இட்லியை நான்கிலிருந்து மூன்றாகக் குறைத்துப் பசியோடு எழுந்துகொண்டிருந்த அந்த மாதங்களில், குறைத்த ஒரு இட்லியின் 60 கலோரியைப் போல இரு மடங்கு எண்ணெய்க் கிண்ணத்தின் வழியே திரும்பி வந்துகொண்டிருந்தது. இப்போது மேசையில் எண்ணெய்க் கிண்ணத்துக்குப் பதில் ஒரு தேக்கரண்டி கிடக்கிறது. இட்லி மறுபடியும் நான்கு. ஏழு மாதங்களில் ஆறு கிலோ குறைந்தேன். இதற்கு மாலை நடையும் ஒரு காரணம் என்பதை மறைக்க விரும்பவில்லை.

உண்டதைக் குறைத்து எழுதுவது என் போன்றோரின் தனிப்பட்ட பிழையும் அன்று. 1992ஆம் ஆண்டு நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியான ஓர் ஆய்வில், எவ்வளவு குறைத்து உண்டாலும் எடை குறையவில்லை என்று முறையிட்டவர்களின் உண்மையான உட்கொள்ளலை அளந்து பார்த்தபோது, அவர்கள் தாம் உண்டதைச் சராசரியாக 47 விழுக்காடு குறைத்துச் சொல்லியிருந்தது தெரியவந்தது. அவர்கள் விட்டது எல்லாம் சட்னிதான் என்று நான் வாதிடமாட்டேன். எனினும் ‘சிறிதளவுதானே’ என்று தோன்றுகிறவை எளிதில் விடுபடும் என்பதை ஒப்புக்கொள்ளப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை.

கடையில் வாங்கும் சாஸ், பொடி வகைகளுக்கு ஒரு சிறு எச்சரிக்கை. ஒரு பரிமாறலுக்கு என்று உறையில் பெரிதாகத் தெரியும் எண்ணை விட்டுவிட்டு, நூறு கிராமுக்கு என்று கொடுத்திருக்கும் எண்ணைப் படித்து, நாம் போட்டுக்கொண்ட கிராமால் பெருக்கி நூறால் வகுத்துக்கொள்வதே நேர்மையான வழி. வெளிநாட்டிலிருந்து மகள் கொண்டுவந்த தெளிப்பு எண்ணெய்க் குப்பியில் கலோரி பூஜ்யம் என்று போட்டிருந்ததைக் கண்டு முதலில் வியந்தேன். அமெரிக்க விதிப்படி ஒரு பரிமாறலில் 5 கலோரிக்குக் குறைவாக இருந்தால் பூஜ்யம் என்று அச்சிடலாமாம். ஒரு பரிமாறல் என்று அவர்கள் கொண்டதோ கால் வினாடித் தெளிப்பு! கால் வினாடியில் தோசைக்கல்லின் விளிம்பைக்கூட நனைக்க முடியாது.

வீட்டுச் சட்னிக்கு உறை கிடையாது என்பது உண்மையே. அதற்காகக் கைப்பேசிச் செயலியில் ‘சட்னி’ என்று தேடி, யாரோ எப்படியோ அரைத்த சட்னியின் எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டாம். தேங்காய், எள், எண்ணெய் என்று பிரித்துத் தேடிக் கூட்டினால் போதும். இந்திய உணவுகளின் சத்து அட்டவணையை 1937இல் வெளியிட்ட ஆய்வுக்கூடம் நம் குன்னூரில்தான் இருந்தது. அதுவே பின்னர் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்து தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆயிற்று. அந்நிறுவனத்தின் 2017ஆம் ஆண்டு அட்டவணையில் ஆற்றல் கிலோஜூலில் இருப்பதால், 4.184ஆல் வகுத்துக்கொள்ள வேண்டும்.

இனி என் வேண்டுகோளுக்கு வருகிறேன். தங்கள் வாரமலரின் சமையல் பகுதியில் வரும் குறிப்புகளில் அரிசி இரண்டு கோப்பை, தக்காளி மூன்று, சின்ன வெங்காயம் பத்து என்று எண்ணிச் சொல்லிவிட்டு, கடைசி வரியில் ‘எண்ணெய், உப்பு – தேவையான அளவு’ என்று முடிப்பது வழக்கமாக இருக்கிறது. எடையைக் கூட்டுவது ஒன்று, இரத்த அழுத்தத்தைக் கூட்டுவது மற்றொன்று. அளவு சொல்லப்படாதவை அவ்விரண்டும் மட்டுமே. நலவாழ்வுப் பகுதியில் கலோரியை எண்ணச் சொல்லும் அதே நாளிதழ், சமையல் பகுதியில் எண்ணெயைக் கரண்டிக் கணக்கிலும் உப்பைத் தேக்கரண்டிக் கணக்கிலும், எத்தனை பேருக்கான சமையல் என்பதையும் சேர்த்து அச்சிட்டால், வாசகர்கள் தாமே வகுத்துக்கொள்வார்கள். அடுத்த இதழில் வரும் துவையலிலிருந்தே இதைத் தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை,
மன்னார்குடி.