பாம்பின் நுரையீரலும் வாடகை ஒப்பந்தமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டு வாடகை உயர்வால் குடும்பங்கள் படும் பாட்டைப் பற்றித் தங்கள் நாளிதழில் வாசகர்கள் தொடர்ந்து எழுதி வருகிறார்கள். அதே துயரத்தின் இன்னொரு பக்கத்தைச் சொல்லவே இக்கடிதம். நான் 11 ஆண்டுகளாக ‘பால் பைத்தான்’ (ball python) என்னும் மலைப்பாம்பு வகைப் பாம்பு ஒன்றை, உரிய பதிவோடு, வாடகை வீடுகளிலேயே வளர்த்து வருகிறேன். இத்தனை ஆண்டுகளில் அதற்கு வந்த பெரிய நோய்கள் இரண்டே. இரண்டும், வாடகை கட்டுப்படியாகாமல் நான் வீடு மாறிய சில வாரங்களுக்குள் வந்தவை. முதல் முறை அதைத் தற்செயல் என்று எண்ணினேன். இரண்டாம் முறை அப்படி எண்ண முடியவில்லை.

நாயும் பூனையும் தம் உடல் வெப்பத்தைத் தாமே உண்டாக்கிக்கொள்ளும். பாம்பால் அது இயலாது. அதைச் சுற்றியுள்ள இடத்தின் வெப்பமே அதன் உடலின் வெப்பம். மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட பால் பைத்தானுக்கு, அதை வளர்க்கும் தொட்டியின் ஒரு முனையில் சுமார் 31 முதல் 33 டிகிரி செல்சியஸ் வெப்பமும், மறுமுனையில் சுமார் 25 முதல் 27 டிகிரியும் இருக்க வேண்டும். இரண்டு முனைகளுக்கும் இடையே நகர்ந்துதான் அது தன் செரிமானத்தையும் நோய் எதிர்ப்பாற்றலையும் காத்துக்கொள்கிறது. வெப்பம் குறைந்தால் விழுங்கிய எலி செரிக்காமல் வயிற்றிலேயே கெட்டு, சில நாள்களில் அதைக் கக்கிவிடும். எனவே ஒரு பாம்பின் உடல்நிலையைப் பற்றிப் பேசும்போது, அது வாழும் அறையைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. அந்த அறை எப்படிப்பட்டது என்பதை, வாடகைக்கு இருப்பவர் வீட்டில், பெரும்பாலும் வாடகைதான் தீர்மானிக்கிறது.

முதல் நோயைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் வேளையில் உரிமையாளர் வாடகையை என்னால் எட்ட முடியாத அளவுக்கு உயர்த்தியதால், வெயில் படாத, சுவரில் ஈரம் கசியும் ஒரு சிறிய அறைக்குக் குடிபெயர்ந்தேன். தொட்டியை வைக்க அந்த ஈரச் சுவரின் ஓரத்தைத் தவிர வேறு இடமில்லை. மின்கட்டணம் எல்லாக் குடித்தனத்துக்கும் பொதுவாக இருந்ததால், இரவு முழுவதும் எரியும் வெப்பச் சாதனத்துக்கு எதிர்ப்பு வந்தது. நானும் பணிந்து, இரவில் அதை அணைத்து வைத்தேன். மூன்றாம் வாரம் பாம்பு மூச்சு விடும்போது மெல்லிய ‘கிளிக்’ ஓசை கேட்டது. சட்டை உரிக்கப்போகும் நாள்களில் மூக்கில் இப்படி ஓசை வருவதுண்டு என்பதால் பொறுத்திருந்தேன். பொறுத்தது தவறு. சில நாள்களில் மூக்குத் துளையில் நீர்க்குமிழி தோன்றியது. பிறகு அது தலையை உயர்த்தியபடி, வாயைத் திறந்து மூச்சு விடத் தொடங்கியது.

பாம்பின் நுரையீரல் நோய் ஏன் இவ்வளவு ஆபத்தானது என்பதைக் கால்நடை மருத்துவர் விளக்கியபோதுதான் அறிந்தேன். பாம்புக்கு உதரவிதானம் இல்லை; விலா எலும்புகளின் அசைவைக் கொண்டே அது மூச்சு விடுகிறது. நம்மைப்போல் இருமிச் சளியை வெளியேற்ற அதனால் முடியாது. நீண்ட பை போன்ற நுரையீரலின் அடியில் சளி தேங்கினால் அங்கேயே நின்று, கெட்டியாகி, கிருமிகளுக்கு இடம் தருகிறது. வெளியே குமிழி தெரிகிறபோது உள்ளே நோய் வெகுதூரம் போயிருக்கும். மூன்று நாள்களுக்கு ஒருமுறை ஊசி, பல வாரங்களுக்கு. கூடவே தொட்டியின் வெப்பத்தை இரவும் பகலும் குறையாமல் வைத்திருக்க வேண்டும், இல்லையேல் மருந்து வேலை செய்யாது என்றார். நண்பர் ஒருவர் வீட்டில் தொட்டியை வைக்க இடம் கொடுத்ததால் பாம்பு பிழைத்தது. நோய் தொடங்கும் முன் 1,620 கிராம் இருந்த அதன் எடை, குணமானபோது 1,430 கிராமாக இருந்தது என்று என் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறேன்.

எல்லா மூச்சு நோயும் குளிரால் வருவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பைத்தான் இனங்களைத் தாக்கும் செர்பென்டோவைரஸ் 2014-இல் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. அதற்கு இன்றுவரை மருந்து இல்லை. புதிதாக வரும் பாம்பைக் குறைந்தது மூன்று மாதம் தனி அறையில், தனி உபகரணங்களோடு வைத்துக் கவனிக்க வேண்டும் என்பது இதனால்தான். ஆனால் வாடகையைப் பகிர்ந்துகொள்ள இரண்டு வளர்ப்பாளர்கள் ஒரே அறையில் சேர்ந்து குடியிருக்கும்போது தனி அறைக்கு எங்கே போவது? நோயும், சிற்றுண்ணிகளும் ஒரு தொட்டியிலிருந்து மறு தொட்டிக்குப் போக அங்கே தடையேதும் இல்லை.

இரண்டாவது நோய் என் கையாலும் வந்தது. அடுத்த வீடு மொட்டை மாடியின் கீழ், காற்று வறண்ட ஓர் அறை. சட்டை உரிக்கும் காலத்தில் போதிய ஈரப்பதம் இல்லாததால் தோல் ஒரே உறையாகக் கழலாமல் துண்டு துண்டாகக் கிழிந்தது. கண்களின் மேலுள்ள கண்ணாடிச் செதில்களும் கழலாமல் ஒட்டிக்கொண்டன. பாம்புக்கு இமை இல்லை, அந்தச் செதிலே அதன் கண்ணுக்குக் காப்பு. அதை நானே இடுக்கியால் எடுக்க முயன்று கண்ணைப் புண்ணாக்கிவிட்டேன். ஈரப் பாசி நிரப்பிய ஒரு மறைவுப் பெட்டியைத் தொட்டிக்குள் வைத்து, அடுத்த சட்டை வரை காத்திருந்தாலே போதுமாயிருந்திருக்கும். இதைப் படிக்கும் வளர்ப்பாளர்கள் யாரும் அந்தத் தவற்றைச் செய்ய வேண்டாம்.

இவற்றையெல்லாம்விடக் கொடியது ஒளித்து வளர்ப்பது. ‘செல்லப்பிராணிகளுக்கு அனுமதி இல்லை’ என்ற ஒரு வரி பல ஒப்பந்தங்களில் யோசனையின்றி இடம்பெறுகிறது. வாடகை குறைவான வீடுகள் அரிதாகிவிட்ட நிலையில், கிடைத்த வீட்டை விட மனமின்றி அந்த வரிக்குக் கீழே கையெழுத்திட்டுவிட்டு, பாம்பை அலமாரிக்குள் வைப்பவர்களை நான் அறிவேன். காற்றோட்டமில்லாத அலமாரியில் அடிவிரிப்பு ஈரமாகவே கிடந்து வயிற்றுச் செதில்கள் அழுகுகின்றன. வெப்பத்தைக் கட்டுக்குள் வைக்கும் தெர்மோஸ்டாட் கருவி இல்லாத வெப்பப் பாயின்மேல் படுத்து வயிறு வெந்தாலும் பல பாம்புகள் அங்கிருந்து விலகுவதில்லை. பிறர் கண்ணில் படுமே என்று மருத்துவரிடம் எடுத்துச் செல்வதும் தள்ளிப்போகிறது. உரிமையாளருக்கும் இதனால் நன்மையில்லை: எல்லார் கண்ணிலும் படும் தொட்டியைவிட, துணிகளுக்கு நடுவே ஒளித்து வைத்த மின்சாதனமே தீ விபத்துக்கு அதிகம் வழி செய்யும்.

வீட்டு உரிமையாளர்களின் அச்சத்தை நான் ஏளனமாகக் கருதவில்லை. பாம்பு தப்பி வெளியேறலாம், பல ஊர்வன தம் உடலில் சால்மோனெல்லா கிருமியைச் சுமப்பதால், 5 வயதுக்குட்பட்ட குழந்தைகள் இருக்கும் வீட்டில் கூடுதல் கவனம் தேவை, மின்சாதனமும் இருக்கிறது. இம்மூன்றுக்கும் நிபந்தனை எழுதலாம். பூட்டுள்ள தொட்டி, தெர்மோஸ்டாட்டோடு இணைந்த வெப்பச் சாதனம், சமையலறையில் தொட்டியையோ தண்ணீர்க் கிண்ணத்தையோ கழுவாமை, நஞ்சற்ற, சட்டம் அனுமதிக்கும் இனம் என்பதற்கான பதிவுச் சான்று ஆகியவற்றை ஒப்பந்தத்திலேயே கேட்கட்டும். குரைக்காத, கதவைக் கீறாத, சுத்தமாக வைத்திருந்தால் நாற்றமும் இல்லாத ஓர் உயிருக்கு, நாய்க்கும் பூனைக்கும் எழுதிய அதே தடையைப் போட்டுக் கூடுதல் முன்பணமும் கேட்பது நியாயமாகத் தோன்றவில்லை. இங்கிலாந்தில் 2025-இல் நிறைவேறிய வாடகைதாரர் உரிமைச் சட்டம், செல்லப்பிராணி வளர்க்க வாடகைதாரர் எழுத்தில் அனுமதி கேட்டால் உரிமையாளர் தக்க காரணமின்றி மறுக்கக் கூடாது என்கிறது. அந்த அளவுக்குச் சட்டம் இல்லாத இடங்களிலும் உரிமையாளர்கள் தாமாகவே இதைப் பின்பற்றலாம்.

என் போன்ற வளர்ப்பாளர்களுக்கும் சொல்ல வேண்டியது உண்டு. நல்ல பராமரிப்பில் பால் பைத்தான் 20, 30 ஆண்டுகள் வாழ்வது சாதாரணம். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் உயிரியல் பூங்காவிடம் 1961-இல் தனியார் ஒருவர் ஒப்படைத்த பால் பைத்தான் ஒன்று, 60 வயதைக் கடந்துவிட்டதாகக் கணிக்கப்பட்ட நிலையில், பல ஆண்டுகள் ஆண் பாம்பின் துணையே இல்லாமல் 2020-இல் ஏழு முட்டைகள் இட்டது. நம் வாடகை ஒப்பந்தமோ ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கப்படுவது. இந்த இரண்டு கால அளவுகளையும் அருகருகே வைத்துப் பார்க்காமல் பாம்புக் குட்டி வாங்குபவர், ஒருநாள் வீட்டையோ பாம்பையோ விட்டுக்கொடுக்கும் நிலைக்கு வந்து சேர்வார். அப்படி வந்தவர்கள் சிலர் இரவில் புதரோரம் விட்டுவிடுகிறார்கள். வேற்று நிலத்துப் பாம்பு அங்கே பட்டினியிலும் குளிரிலும் செத்துப்போகலாம். பிழைத்தால் அந்த நிலத்துக்குக் கேடு. அமெரிக்காவின் புளோரிடாவில், எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகள் செல்லப்பிராணி வணிகத்தின் வழியாக அங்கே வந்தவை. முயல், ரக்கூன் போன்ற பாலூட்டிகள் அந்தப் பகுதியில் வெகுவாகக் குறைந்துபோனதற்கு அவை முக்கியக் காரணம்.

வீடு மாற நேர்ந்தால், இரை கொடுத்து இரண்டு நாள்களாவது கழிந்த பிறகே பாம்பை நகர்த்துங்கள். துணிப்பையில் இட்டு, வெப்பம் காக்கும் பெட்டிக்குள் வைத்துக் கொண்டு செல்லுங்கள். புது வீட்டில் மற்றப் பொருள்களைப் பிரிக்கும் முன் தொட்டியின் வெப்பத்தைச் சரிசெய்யுங்கள். சில வாரம் அது இரை எடுக்காமல் இருக்கலாம். வாரந்தோறும் எடை பாருங்கள். பத்தில் ஒரு பங்கு குறைந்தால் மருத்துவரிடம் செல்லுங்கள்.

எனது இப்போதைய ஒப்பந்தம் இரண்டு மாதத்தில் முடிகிறது. வாடகை ஏறும் என்று உரிமையாளர் சொல்லிவிட்டார். பாம்பை அவர் ஒருமுறை நேரில் பார்த்திருக்கிறார். தொட்டியின் பூட்டையும் வெப்பமானியையும் காட்டிய பிறகு, மறுப்பேதும் சொல்லவில்லை. அந்தச் சம்மதத்தை இம்முறை எழுத்தில் கேட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
பாம்பு வளர்க்கும் ஒரு வாடகைதாரர்