முயல் ஓடிப்போச்சு

மாப்ளே,

பொங்கலுக்கு நீ அனுப்பியதற்குப் பதில் ஆடியில் வருகிறது. திட்டையெல்லாம் ஊருக்கு வந்து நேரில் வாங்கிக்கொள்கிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, வேலையும் ஓடுகிறது. அதை விடு, இங்கே நடந்த கூத்தைக் கேள்.

சீனாவில் இந்த ஷென்சென் நகரத்துக்கு வந்ததிலிருந்து காலையில் ஓடுகிறேன். (நான்தான். குண்டனிடமும் சொல்.) திரும்பி வரும்போது குடியிருப்பு வாசலில் காவல்காரத் தாத்தா ஏதோ கேட்பார். வேர்த்துக் கொட்டுவதைப் பார்த்துக் கேட்கிறார் என்று நினைத்து "பாவ் ல" என்பேன். ஓடிவிட்டு வந்தேன் என்று சொல்வதாக எனக்கு எண்ணம். அவர் சந்தோஷமாகத் தலையாட்டுவார். மூன்று மாதம் இப்படியே போனது. சீனம் வந்துவிட்டது என்றே நம்பிவிட்டேன்.

வகுப்பில் இதைப் பெருமையாகச் சொல்லிக் காட்டினேன், டீச்சர் மேஜையில் கவிழ்ந்து சிரித்தார். தாத்தா தினமும் கேட்டது "சாப்பிட்டாச்சா?" நம்மூர் விசாரிப்புதான். நான் தினமும் சொன்னது "வயிறு நிறைஞ்சுது".

கோளாறு முழுக்க என் உதட்டில். இவர்களிடம் இரண்டு 'ப' இருக்கிறது. ஒன்று நம் 'பல்', 'படி'யில் வருவது. இன்னொன்று அதையே ஒரு வாய்க் காற்றோடு தள்ளுவது. ஊதினால் ஓட்டம், ஊதாவிட்டால் நிறைந்த வயிறு. நீ இந்திப் பரீட்சை எழுதியவன், பழத்துக்கு இந்தியில் சொல்லும்போது வரும் காற்று உனக்குத் தெரியும். எனக்கு ஏது? டீச்சர் வாய்க்கு முன்னால் ஒரு மெல்லிய தாளைப் பிடித்து "வயிறு நிறைஞ்சுது, முயல் ஓடிப்போச்சு" என்று சீனத்தில் சொல்லச் சொன்னார். தமிழில் எழுதினால் இரண்டுமே 'தூத்ஸ பாவ் ல' தான்! வயிற்றுக்குத் தாள் அசையக் கூடாது, முயலுக்குப் பறக்க வேண்டும். என் தாள் ஒரு வாரம் செத்துக் கிடந்தது.

ரோமன் எழுத்து வேறு காலை வாரிவிடுகிறது. சீனத்தை ரோமன் எழுத்தில் எழுதும் பின்யின் முறை, 1958-ல் வந்தது. அதை உருவாக்கியதில் பெரும்பங்கு சோ யோகுவாங் என்பவருக்கு. பொருளாதாரம் படித்த மனிதர், 111 வயது வாழ்ந்து 2017-ல் போனார். சீனத்தில் அதிரும் 'பாம்பே பி' கிடையாது. அந்த எழுத்தை எதற்குச் சும்மா விடுவது என்று நம் சாதாரண 'ப'வுக்கு வைத்துவிட்டார்கள். 'பேப்பர் பி' காற்றுக்குப் போய்விட்டது. பெய்ஜிங் என்பதை நாம் அதிர அதிரச் சொல்வோமே, மழை பெய் என்கிற 'பெய்'யே போதுமாம். தமிழ்ப் பேப்பர்காரன் சரியாகத்தான் எழுதியிருக்கிறான், நாம்தான் ஆங்கிலத்தில் படித்தோம்.

சொல்லைத் தொடங்கும் மெய் 21. அதில் ஆறு ஜோடி இந்த மாதிரி காற்று விவகாரம். 'பூச்சி'யின் கடைசி 'ச்சி'யைப் பிய்த்து எடுத்தால் ஓர் ஒலி, அதையே காற்றோடு சொன்னால் இன்னொன்று. கடையில் ஏழு முட்டை கேட்டேன். காற்றும் வரவில்லை, தொனியும் சரிந்தது. கடைக்கார அம்மா காதில் "எத்தனை முட்டை?" என்று விழுந்திருக்கிறது. "அதைத்தானே நான் கேட்கணும்?" என்றார். விரலைக் காட்டி வாங்கி வந்தேன்.

இப்போது முக்கியமான விஷயம். சிரிக்காதே. எனக்கு ழகரம் வந்துவிட்டது.

மனிதனுக்கு இவர்கள் சொல்லும் சொல் கிட்டத்தட்ட 'ழென்'. நம் மொழியில் எந்தச் சொல்லும் ழகரத்தில் தொடங்காது, இங்கே மனிதனே அதில்தான் தொடங்குகிறான். "தமிழனுக்கு இது ஈசி" என்று ஆபீசில் எல்லோரும் சொன்னார்கள். நான் எந்த ஊர்க்காரன் என்று அவர்களுக்கு என்ன தெரியும்! டீச்சர் ஒரு வழி சொன்னார்: நாக்கை மடித்து 'ஷ்ஷ்' என்று இழு, நாக்கை அசைக்காமல் தொண்டையை மட்டும் அதிரவிடு. நாற்பத்தொரு வயதில், ஹார்பின்காரி ஒருத்தி சொல்லித்தந்து, 'வாழைப்பழம்' சொல்கிறேன் மாப்ளே.

அன்றைக்கே இன்னொன்றும் நடந்தது. காவல்காரத் தாத்தா ஹூனான் மாகாணத்துக்காரர். அவர் வாயில் 'ந' 'ல'வாகும், 'ஹ' 'ஃப'வாகும், சொந்த மாகாணத்தையே 'ஃபூலான்' என்பார். டீச்சர் அதை அப்படியே பேசிக் காட்டினார், வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. தமிழய்யா உன்னை பெஞ்சில் ஏற்றி "வாளப்பளம், வாளப்பளம்" என்று சொல்லவைத்தாரே, அன்றைக்கு எல்லோரையும்விட நான்தான் சத்தமாகச் சிரித்தேன். அடுத்து என்னைக் கூப்பிட்டுவிடக் கூடாதே என்றுதான். இருபத்தைந்து வருடமாக இதை உன்னிடம் சொல்லவில்லை.

சரி. இன்று காலை தாத்தா வழக்கம்போலக் கேட்டார். தாள் கிழியும் அளவுக்கு ஊதி, "பாவ் ல" என்றேன். மனிதர் விருட்டென்று எழுந்து கேட்டுக்கு வெளியே எட்டிப் பார்த்தார். "யார் ஓடிப்போனது?"

நாளையிலிருந்து பழையபடி வயிறு நிறைந்ததாகவே சொல்லிவிடலாம் என்றிருக்கிறேன். அப்புறம், பாப்பாவுக்கு எந்தக் காலேஜ் கிடைத்தது? ஒல்லி வீட்டு விசேஷம் என்ன ஆச்சு? எழுது.

உன்
மாப்ளே