15-க்கும் 50-க்கும் நடுவில் மாட்டிக்கொண்ட கார்கள்

பழங்கால கார் சங்க நிர்வாகிகளுக்கு,

வணக்கம். உங்கள் பேரணிகளுக்கு வேடிக்கை பார்க்க வரும் கூட்டத்தில் நானும் ஒருவன். போன தடவை ஆஸ்டினையும் மாரிஸையும் ஆசை தீரப் பார்த்துவிட்டு வெளியே வந்து என் வண்டியைத் தேடியபோதுதான் உறைத்தது. வாகன நிறுத்தத்தில் இருந்த ஒரே ஹூண்டாய் ஆக்சென்ட் என்னுடையது. அதே காலத்து மாருதி எஸ்டீம், ஃபோர்டு ஐகான், ஓப்பல் கோர்சா ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. உள்ளே தாத்தா காலத்து ஃபியட் மட்டும் நான்கு நின்றன.

ஆக்சென்ட்டும் ஐகானும் 1999-இல் அடுத்தடுத்து வந்தவை. ஒன்று சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்சாலை, இன்னொன்று மறைமலை நகர்த் தொழிற்சாலை. இரண்டும் நம்மூர்ப் பிள்ளைகள்தான். ஒரு காலத்தில் தெருவுக்கு ஒன்று நின்றது. இன்ஜின் தேய்ந்துதான் இவை காணாமல் போயின என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் வண்டி 2003 மாடல். சென்ற வருடம் சிக்னலில் முன்னால் நின்ற தண்ணீர் லாரி பின்னோக்கி உருண்டு வந்து இடித்தது. பானெட், ஒரு ஹெட்லைட், ரேடியேட்டர், பம்பர் போயின. இன்ஜினுக்கு ஒரு கீறலும் இல்லை. ஒர்க்‌ஷாப்பில் 58,000 ரூபாய் எஸ்டிமேட் போட்டார்கள். காப்பீட்டில் வண்டியின் மதிப்பு 65,000. பழுதுச் செலவு அந்த மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் ‘டோட்டல் லாஸ்’, அதாவது சரிசெய்ய லாயக்கில்லாத வண்டி, கணக்கு முடிந்தது. புது காரில் இதே அடி பட்டிருந்தால் ஒரு வாரத்தில் சரிசெய்து கையில் கொடுத்திருப்பார்கள்.

க்ளெய்ம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டைக்குப் போனேன். இரண்டு நாள் அலைந்து ஒரு பானெட் கிடைத்தது. என்னுடையது வெள்ளை, அது மெரூன். உட்பக்கத்தில் யாரோ ஒட்டிய ‘வேல் துணை’ ஸ்டிக்கர் பாதி உரிந்து இருந்தது. "இன்ஜின் கல்லு மாதிரி இருந்த வண்டி சார், எடைக்குத்தான் வந்துச்சு" என்றார் கடைக்காரர். என் வண்டி ஓட இன்னொன்று சாக வேண்டியிருந்தது. மிச்சமிருக்கும் ஒவ்வொன்றும் இப்படித்தான் தன் இனத்தைத் தின்று ஓடுகிறது.

எஸ்டீம்காரர்கள் இந்த விஷயத்தில் கொஞ்சம் கொடுத்துவைத்தவர்கள். அவர்களுடைய 1.3 லிட்டர் இன்ஜினின் பங்காளி ஜிப்சியிலும் ஓடியதால் இன்ஜின் பாகத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் கதவு ஓரத்து ரப்பர் பட்டையான பீடிங்குக்கு எங்கே போவது? பீடிங் போனால் தண்ணீர் இறங்கும், தரை விரிப்புக்கு அடியில் துரு பிடிக்கும், டிங்கரிங் செலவு வண்டி விலையைத் தொடும். விலை இறங்க இறங்கச் செலவழிக்கிற மனசும் இறங்கிவிடுகிறது. முதல் ஓனர் பார்த்துப் பார்த்துத் துடைத்த வண்டியை மூன்றாவது ஓனர் டயர் தேய்ந்ததும் தள்ளிவிடுகிறார்.

அப்புறம் எஃப்.சி., அதாவது வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று. 15 வருடம் முடிந்த காருக்குப் பதிவுப் புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600-இலிருந்து 5,000 ஆனது. 20 வருடம் தாண்டியவற்றுக்கு 2025-இல் 10,000 ஆக்கிவிட்டார்கள். பெட்ரோலிலோ 20 சதவீதம் எத்தனால். என் வண்டியின் ரப்பர் குழாய்கள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. புகை விடும் வண்டியை நிறுத்துவதில் எனக்கு ஆட்சேபமே இல்லை. வயதை வைத்து அல்ல, சோதித்துப் பார்த்து நிறுத்தட்டும்.

உங்களிடம் வருவதற்குக் காரணம் 2021-இல் வந்த பழங்கால வாகன விதி. 50 வயது நிரம்பியிருந்தால் தனிப் பதிவு, ‘விஏ’ என்று தனி நம்பர் பிளேட், பத்து வருட அனுமதி எல்லாம் உண்டு. முதல் ஆக்சென்ட்டுக்கு 50 ஆவது 2049-இல். 15 முடிந்ததிலிருந்து அதுவரை 35 வருடம் இவற்றைப் பழசு என்று ஒதுக்குவார்கள், பழங்காலம் என்று மதிக்க மாட்டார்கள். உங்கள் ஃபியட்களும் ஒரு காலத்தில் இந்தக் கெட்ட காலத்தைத் தாண்டி வந்தவைதானே?

அரசிடம் பேசும்போது 50-ஐ 30 ஆக்கச் சொல்லிக் கேளுங்கள். அது நடக்கிறபோது நடக்கட்டும். வரும் பேரணியில் 90-களின் கார்களுக்குக் கடைசியில் ஒரு வரிசை ஒதுக்க முடியுமா? பரிசு எதுவும் வேண்டாம். எந்தக் கடையில் என்ன பாகம் கிடைக்கிறது என்று நாங்கள் எங்களுக்குள் பேசிக்கொள்ளவாவது ஓர் இடம் கிடைக்கும்.

நான் வரத் தயார். பானெட் மட்டும் இன்னும் மெரூனாகவே இருக்கிறது. பெயின்ட் அடித்துக்கொண்டுதான் வரவேண்டும் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
அடையாறிலிருந்து ஓர் ஆக்சென்ட்காரன்