சின்னச் சட்டி பானைகள்

கொக்குவில்,
கார்த்திகை மாதம்.

அன்பின் தோழிக்கு,

கடிதம் கிடைத்தது. கண் சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று வாசித்த பிறகுதான் மனம் ஆறியது. இங்கே எல்லோரும் சுகம். மாரி மழையில் கிணறு நிறைந்துவிட்டது. ஈரக் காற்றில் மண் காயாததால் என் வேலை மட்டும் மெதுவாகப் போகிறது.

பேத்திக்குச் சோறு கறி விளையாடச் சின்னச் சட்டி பானைகள் கேட்டிருந்தீர். சந்தோசமாகச் செய்து அனுப்புகிறேன். ஆனால் நீர் கேட்ட பொன்னிற வர்ணம் மட்டும் பூச மாட்டேன், கோபிக்க வேண்டாம்.

நாவலர் வீதி அருங்காட்சியகத்துக்கு நாம் சேர்ந்து போனது நினைவிருக்கும். பழைய காலக் குடியிருப்பான கந்தரோடையில் கிடைத்த கறுப்பு சிவப்புக் கலங்களின் நிறம் வர்ணம் அல்ல, நெருப்புத் தந்தது. கவிழ்த்துவைத்துச் சுடும்போது காற்றுப் புகாத உட்புறம் கறுக்கும், காற்றுப் படும் வெளிப்புறம் சிவக்கும். 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் ஆனைக்கோட்டையில் அகழ்ந்த ஈமக்குழியிலும் இதே வகைக் கலங்கள் இருந்தன. அந்த முறையைத்தான் பெருவிரல் அளவுப் பானையில் செய்து பார்க்கிறேன். உள்ளே உமியை அடைத்துக் கவிழ்த்து, சுற்றிலும் ஊமலும் (காய்ந்த பனங்கொட்டை ஓடு) பனைமட்டையும் அடுக்கி மூட்டுகிறேன். விளிம்பில் கறுப்பும் சிவப்பும் சந்திக்கும் இடம் ஒவ்வொன்றிலும் வேறு மாதிரி விழுகிறது. அதன்மேல் எப்படி வர்ணம் பூச மனம் வரும்?

பாட்டா பெரிய பானையின் அடியைத் தட்டுப்பலகையால் தட்டித் தட்டி மெலிதாக்குவார். சின்னதற்கு விரலே போதும், ஆனால் மண்ணைத் தெரிந்தெடுப்பதில் அவரைவிடக் கவனம் வேண்டியிருக்கிறது. நம் ஊர் சுண்ணாம்புக்கல்லின் மேல் கிடக்கிறது அல்லவா? களிக்குள் ஓர் அரிசிக் குறுணி அளவு கல் தப்பி இருந்தாலும் அது சூளையில் நீறிவிடும். பிறகு காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்து ஊதி, மேற்பரப்பைப் பிய்த்துக்கொண்டு வெளியே வரும். பெரிய பானையில் அது ஒரு வடு; சின்னப் பானையில் ஓட்டை. அதனால் களியைக் கரைத்துத் துணியில் வடித்தே எடுக்கிறேன்.

வடிவங்களிலும் எனக்குப் பிடிவாதம் உண்டு. கள்ளு முட்டியென்றால் கயிறு கட்டிப் பனையில் தொங்கவிடக் கழுத்து இருக்க வேண்டும். கூசாவென்றால் கழுத்து ஒடுங்கி, தண்ணீர் கசிந்து குளிர வேண்டும். சட்டியில் உண்மையாகவே ஒரு பிடி அரிசி வேக வேண்டும். வேலை செய்யாத சின்னப் பானையை அலங்காரப் பொருளாக விற்பவர்களோடு எனக்கு உடன்பாடே இல்லை. அந்தப் பிள்ளை சமைத்துப் பார்க்கட்டும், உடைக்கட்டும், இன்னொன்று கேட்கட்டும்.

பேத்திக்குச் சட்டி, பானை, மூடி, கூசா, ஓர் அடுப்பு, கார்த்திகை விளக்கீட்டுக்கு நாலு சிட்டி விளக்கு அனுப்புகிறேன். முதலில் கஞ்சித் தண்ணீர் ஊற்றி இளஞ்சூட்டில் கொதிக்கவைத்துப் பழக்கச் சொல்லும். மட்டக்களப்பில் தயிர்ச் சட்டி செய்பவர்கள் மண்ணோடு என்ன கலக்கிறார்கள் என்று விசாரித்து எழுதும். அடுத்த முறை ஒரு சின்னத் தயிர்ச் சட்டியும் செய்ய ஆசை.

அன்புடன்,
உம்முடைய பழைய வகுப்புத் தோழி